மட்டக்களப்பில் திறந்த கூரைக் கார்: வாங்குவதற்கு முன்பிருந்து மாரி முடியும் வரை

இரண்டு இருக்கை, துணிக் கூரை, நிலத்தோடு ஒட்டிய உடம்பு. இப்படி ஒரு காரை வீட்டுக்கு இரண்டாவதாக, ஆசைக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். கல்லடியில் ஏழு வருடமாக ஒரு பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் என்னிடம் இருக்கிறது. இந்தக் காலத்துக்குள் எனக்குத் தெரிய நாலைந்து பேர் இந்தப் பக்கம் இப்படிக் கார் வாங்கினார்கள். இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் விற்றுவிட்டார்கள். அவர்கள் வாங்கிய காரில் பிழை இல்லை, செய்த வரிசையில்தான் பிழை. முதலில் காரை வாங்கினார்கள், பிறகு நிறுத்த இடம் தேடினார்கள், பிறகு மெக்கானிக்கைத் தேடினார்கள், மழை வந்த பிறகுதான் கூரையைப் பார்த்தார்கள். கீழே உள்ள வரிசை கிட்டத்தட்ட அதன் தலைகீழ்.

1. முதலில் கொட்டகை

கார் பார்க்கப் போவதற்கு முன் அது நிற்கப்போகும் இடத்தைச் செய்து முடியுங்கள். துணிக் கூரையை மழையை விட வெயில்தான் வேகமாகத் தின்னும். வெளியே நிற்கும் காரில் துணி நன்றாக இருக்கும்போதே தையல் நூல் இற்றுப்போகும். பின் கண்ணாடி பிளாஸ்ரிக் என்றால் மஞ்சளாகி, பிறகு பால் ஊற்றியது போல் மங்கிவிடும். கார் ஓடினாலும் நின்றாலும் இந்தச் சேதம் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே கார் வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே நிழல் வேண்டும்.

தகரக் கூரை போதும். ஆனால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். நிலம் சீமெந்தாக இருக்க வேண்டும். மண் தரையில் நிற்கும் காருக்கு அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். கடல் பக்கத்தை மறைத்துக் கட்டுங்கள்; கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோரம் முழுக்க உப்புக் காற்றுதான். மற்றப் பக்கத்தை மூடிவிடாமல் காற்றோட்டம் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தேங்காயை விடுங்கள், குரும்பட்டி விழுந்தாலே பழைய பிளாஸ்ரிக் கண்ணாடி வெடித்துவிடும். அப்புறம் பூனை. துணிக் கூரை பூனைக்கு ஏணை மாதிரி. ஏறிப் படுப்பதற்கு முன் நகத்தைத் தீட்டிக்கொள்ளும். மேலே ஒரு பருத்தி உறை போட்டால் கீறல் உறையோடு நின்றுவிடும்.

2. வீட்டுக் கார் தன் வேலையைச் செய்கிறதா?

இரண்டாவது காரை ஆசைக்கு வைத்திருக்க வேண்டும் என்றால், அது ஒரு நாளும் அவசியத்துக்குத் தேவைப்படக் கூடாது. ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் ரியூஷன், அரிசி மூட்டை, கொழும்புப் பயணம் எல்லாவற்றையும் முதல் கார் சுமக்க வேண்டும். அந்த ஆல்ட்டோவோ வேகன் ஆரோ இழுத்துக்கொண்டு கிடந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இதற்குக் காரணம் உதிரிப்பாகம். திறந்த காரின் ரப்பர் ஒன்று கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகலாம், ஜப்பானிலிருந்து என்றால் மாதக் கணக்கு. காத்திருக்க முடிகிறவனிடம் கார் ஒழுங்காக இருக்கும். நாளைக் காலை வேலைக்குப் போக வேறு வழியில்லாதவன் கையில் கிடைத்ததைப் போட்டு ஒட்டுவான். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் காரை விற்று இதை வாங்கினார். டிசம்பர் மழையில் மனைவி, தாய், இரண்டு பிள்ளைகள், இருப்பதோ இரண்டு இருக்கை. தைப்பொங்கலுக்கு முன் கார் போய்விட்டது.

3. எந்தக் காரைத் தேடுவது

நாட்டுக்குள் இருப்பதைத்தான் தேட வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். ஆனால் பாவித்த காருக்கு வயது வரம்பு இருப்பதால் 20, 30 வருடப் பழைய ரோட்ஸ்டரை இனி ஜப்பானிலிருந்து இறக்க முடியாது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதியது நம் கணக்கில் வராது. கொழும்பு, நீர்கொழும்பு, கண்டிப் பக்கம் பழையவை அவ்வப்போது விலைக்கு வரும்.

என் பரிந்துரை மஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பான் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். 1989இல் வந்த முதல் தலைமுறையில் விளக்குகள் பொனற்றிலிருந்து எழும்பும், 1.6 லீற்றர் எஞ்சின், பிறகு 1.8. எடை ஒரு தொன் அளவுதான். எஞ்சின் அமைப்பு எளிமையானது, பழைய மஸ்டாவில் கை வைத்த எந்த மெக்கானிக்கும் பயப்பட மாட்டார். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் விளக்கு எழும்பாது, ஆனால் பின் கண்ணாடி உண்மையான கண்ணாடி. நம் வெயிலுக்கு அது பெரிய விடயம். இரண்டும் ஒரே விலையில், ஒரே நிலையில் கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள். அழகுக்காக முதலாவதை எடுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன்.

டைஹாட்சு கோப்பன் 2002இல் வந்தது. 659 சிசி ரேர்போ எஞ்சின், பட்டனை அமர்த்தினால் தகரக் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போகும். வெயிலுக்கும் பூனைக்கும் நல்லது. ஆனால் அந்தக் கூரையை ஹைட்ரோலிக் எண்ணெய்தான் தூக்குகிறது. சிலிண்டர் கசிந்தால் இங்கே பார்க்க ஆள் இல்லை.

ஹொண்டா பீட், சுசூகி கப்புச்சினோ இரண்டும் 1991இன் குட்டிக் கார்கள். உயரமானவர் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு ஆசைப்படட்டும். எம்.ஜி. மிட்ஜெட், ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய இங்கிலீஷ் கார்களைக் காபரேற்றர் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம்: சாதாரணக் காரின் கூரையை வெட்டித் திறந்த காராக்கியது. கூரையும் தூண்களும்தான் அந்த உடம்பை விறைப்பாகப் பிடித்திருந்தன. வெட்டிய பிறகு நடு முதுகு தொய்ந்து, கதவு பூட்டாது.

4. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் உள்ள முழுவதையும் விலைக்குக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை முதல் வருட வேலைக்கு ஒதுக்குங்கள். பழைய திறந்த காரில் வாங்கியவுடன் செய்ய வேண்டியவை எப்போதும் ஒரே பட்டியல்தான்: ரயர், பெல்ற், ரேடியேற்றர், கிளச்சின் ரப்பர், கூரை. அதில் பாதியாவது உங்கள் தலையில் விழும்.

5. பார்க்கும் நாள்: கூரை, தரை, கடைசியில் எஞ்சின்

எல்லாரும் பொனற்றைத்தான் முதலில் திறக்கச் சொல்வார்கள். எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் போடலாம். உடம்பு இற்றுப்போனால் போட வேறு உடம்பு இல்லை. ஆகவே கூரையிலிருந்து தொடங்குங்கள்.

முடிந்தால் மழைக்கு மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். ஈரச் சாக்கு மணம் வந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கார்ப்பெற்றைக் கையால் அழுத்துங்கள். பிறகு கையைப் பாருங்கள்.

அடுத்தது வடிகால். பலருக்குத் தெரியாத விடயம் இது. ரோட்ஸ்டரின் துணிக் கூரையில் விழும் தண்ணீர் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் இருக்கை வார்க் கம்பத்துக்குப் பின்னால் உள்ள துளை வழியாக ஒரு குழாயில் இறங்கி, பின் சில்லுக்குச் சற்று முன்னால் நிலத்தில் விழும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். கார்ப்பெற் நனையும், கதவடிப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும், உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

பார்ப்பதற்கு ஒரு யோகட் கப் தண்ணீர் போதும். துளையில் மெதுவாக ஊற்றிவிட்டு, கீழே குனிந்து பாருங்கள். உடனே ஒழுகினால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் அழுக்கு. ஒன்றும் வராவிட்டால் கதவடிப் பெட்டியின் பின் முனையை, அதாவது பின் சில்லுக்கு நேர் முன்னால் உள்ள இடத்தை, பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தையும் கொண்டு போங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை நிரப்பிப் பூசும் புட்டிதான் இருக்கிறது. நான் ஒரு காரைப் பார்க்கப் போனபோது காந்தம் ஒரு சாண் நீளத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை. விற்றவர் சிரித்துக்கொண்டே, “காந்தம் பழசு போல, தம்பி” என்றார்.

கூரையை நீங்களே இரண்டு முறை திறந்து மூடுங்கள். விற்பவர் செய்து காட்டினால் அவர் கையின் பழக்கம் குறையை மறைத்துவிடும். முன் கொளுக்கி இரண்டும் சமமாக இறுக வேண்டும். தையல், மடிப்பு விழும் இடம், பக்கக் கண்ணாடி வந்து முட்டும் ரப்பர் மூன்றையும் பாருங்கள். கூரைத் துணி கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். கம்பிச் சட்டம் வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

டிக்கியைத் திறங்கள். முதல் இரண்டு தலைமுறை ரோட்ஸ்டரிலும் பற்றரி அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் பெயின்ட் பொங்கி, வெள்ளைத் தூள் படிந்திருந்தால் யாரோ சாதாரண பற்றரியை வைத்து, அதன் ஆவி வெளியேறக் குழாய் போடாமல் விட்டிருக்கிறார்கள். மூடிய டிக்கிக்குள் அந்த ஆவி தகரத்தை அரிக்கும். வாயுக்குழாய் உள்ள, சீல் செய்த பற்றரிதான் அந்த இடத்துக்கு உரியது.

இப்போது எஞ்சின். ரேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பு நிறமாகியிருந்தால் வெடிக்கும் நாள் கிட்டிவிட்டது. 1991 நடுப்பகுதிக்கு முந்திய 1.6 என்றால், எஞ்சின் ஓடும்போது கீழே பெல்ற் சுற்றும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வாங்காதீர்கள். அந்தக் கால கிராங்க் முனை நீளம் குறைந்தது, தேய்ந்தால் பெரிய செலவு.

பயப்படத் தேவையில்லாத இரண்டு உண்டு. ஸ்ராட் செய்ததும் மேலே டக் டக் என்று தட்டும் சத்தம் பெரும்பாலும் வால்வைத் தள்ளும் ஹைட்ரோலிக் லிப்ரருக்குள் எண்ணெய் ஏறாததால் வருவது. எண்ணெய் மாற்றினால் பல கார்களில் அடங்கிவிடும். எஞ்சினின் பின்புறத்தில் எண்ணெய் ஒழுகினால், முதலில் கேம் அங்கிள் சென்சரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒரு சின்ன வளையம்தான். அதைப் பார்க்காமல் கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்று சொன்ன மெக்கானிக்கை நான் கண்டிருக்கிறேன்.

கிளச்சை அமர்த்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். மிதி மெல்லத் தாழ்ந்தால் கீழே உள்ள சிலேவ் சிலிண்டர் கசிகிறது. இது இந்தக் காரின் வழக்கமான நோய், மலிவாகத் தீரும்.

ஓட்டிப் பார்க்கும்போது பள்ளத்தில் ஸ்ரியரிங்கும் கண்ணாடிச் சட்டமும் சற்று நடுங்கும். கூரை இல்லாத உடம்புக்கு அது இயல்பு. கதவு கிறீச்சிடுவதும், பூட்டு தானாக விடுபடுவதும் இயல்பில்லை.

6. பத்திரங்கள்

முதலில் சீ.ஆரை (வாகனப் பதிவுச் சான்றிதழை) எடுத்து, அதில் உள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய கார்களில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம், மாற்றியதைப் பதியாமல் விட்டிருப்பதும் சகஜம். பதியாவிட்டால் பெயர் மாற்றும்போது நீங்கள்தான் அலைய வேண்டும். முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்கிக்கொண்டு வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.

ஓப்பன் பேப்பரில் வாங்காதீர்கள். இப்படியான கார்கள் கைமாறிக் கைமாறி, பழைய உரிமையாளரின் கையொப்பத்தோடு மட்டும் சுற்றுவதுண்டு. அவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ உங்கள் கையில் இருப்பது கார் மட்டும்தான்.

புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி இரண்டும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். காப்புறுதி ஃபுல்லாக எடுக்கும்போது கூரைத் துணிக்கு எப்படி ஈடு தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பீட்டு அறிக்கையைப் படங்களோடு செய்து வையுங்கள், இல்லாவிட்டால் 30 வருடப் பழைய காருக்கு அவர்கள் போடும் விலையைக் கண்டு அழுவீர்கள்.

கார் வந்த மறுமாதமே கல்யாண வீட்டுக்காரர் வருவார்கள், மாப்பிள்ளையை ஏற்றக் கேட்பார்கள். நீங்களே ஓட்டிப் போவதானால் போங்கள். வாடகைக்குக் கொடுத்தால் தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி கைவிட்டுவிடும். சாவியைக் கொடுத்தால் கூரையைக் கெடுத்துத் தருவார்கள்.

7. வீட்டுக்குக் கொண்டுவருதல்

கொழும்பிலிருந்து இங்கே 300 கிலோமீற்றருக்கு மேல். உங்களுக்குப் பழக்கமில்லாத, எப்போது பெல்ற் மாற்றினார்கள் என்றே தெரியாத காரை முதல் நாளே அவ்வளவு தூரம் ஓட்டாதீர்கள். கரியர் லொறியில் ஏற்றுங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் விடிய முன் வெளிக்கிடுங்கள், கூரை மூடியே இருக்கட்டும், ஒவ்வொரு மணித்தியாலமும் நிறுத்தி வெப்பமானியையும் கீழே ஒழுக்கையும் பாருங்கள். ஹபரணை தாண்டி வெலிக்கந்தை வரை யானை இறங்கும் வழி. அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டும்.

8. முதல் மாதம்: ஓட்டாமல் செய்யும் வேலை

கார் வந்ததும் ஊரைச் சுற்றத்தான் மனம் சொல்லும். ஒரு மாதம் பொறுங்கள்.

முதலில் தண்ணீர்ப் பக்கம். ரேடியேற்றர், குழாய்கள், தேர்மோஸ்ரற். நம் ஜூன் வெயிலில் காத்தான்குடி நெரிசலுக்குள் நிற்கும் கார் இது. கூலண்ட் ஊற்றுங்கள், வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர், உள்ளே படிவு கட்டும்.

பிறகு ரைமிங் பெல்ற். மஸ்டா கணக்கு 100,000 கிலோமீற்றர். மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு வளையாது. ஆனால் மகா ஓயாக் காட்டு வழியில் நிற்க வேண்டி வரும்.

ரயரில் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. அதிகம் ஓடாத காரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். ஈர வீதியில் பிடிக்காது. காற்று இன்னொரு பொறி. முதல் தலைமுறைக்குச் சொல்லப்பட்டது 26 பிஎஸ்ஐ. பெற்றோல் ஷெட்டில் எல்லாக் காருக்கும் அடிப்பது போல் 32, 35 அடித்துவிடுவார்கள். இந்த எடை குறைந்த காருக்கு அது கல்லுச் சில்லு. பள்ளம் எல்லாம் முதுகில் தெரியும். நான் மூன்று மாதம் சஸ்பென்ஷன் பழுது என்று நினைத்து அலைந்தேன். காற்றைக் குறைத்ததும் சரி.

கடைசியாகக் கூரை. ரப்பர்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எதையும் தொடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். வடிகால் குழாயைப் புல்வெட்டி மெஷினின் நைலோன் நூலால் மெதுவாகத் துழாவுங்கள். கம்பி போட்டால் குழாய் ஓட்டையாகும், பிறகு வடிகால் இருந்தும் பயனில்லை.

தையல் பிரிந்திருந்தால் கொழும்புக்கு ஓட வேண்டாம். ஓட்டோவுக்கு ஹூட் தைக்கும் குஷன் கடைக்காரரிடம் போங்கள். என் கூரையின் இடது ஓரம் இரண்டு விரல் நீளம் பிரிந்தபோது அப்படி ஒருவர்தான் தைத்துத் தந்தார். மெஷினில் வைக்க முடியாததால் காரில் இருந்தபடியே, வளைந்த ஊசியால், பழைய துளைகளுக்குள்ளேயே நூலை விட்டு இழுத்தார். புதுத் துளை போட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கும் என்பது அவருக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. பொலியெஸ்ரர் நூல் கேளுங்கள், பருத்தி நூல் ஒரு மாரியைக் கூடத் தாங்காது. முழுக் கூரையும் புதிதாகத் தைக்க மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். அளவு அரை அங்குலம் குறைந்தாலும் முன் கொளுக்கி எட்டாது.

9. கூரையை மடிக்கும் ஒழுங்கு

முதல் தலைமுறை ரோட்ஸ்டரில் பின் கண்ணாடியின் சிப்பைத் திறந்து, பிளாஸ்ரிக்கைத் தட்டையாகப் படுக்கவிட்ட பிறகுதான் கூரையை மடிக்க வேண்டும். சிப்பை மறந்தால் பிளாஸ்ரிக் நடுவில் மடங்கும், மடங்கிய இடத்தில் வெடிக்கும். நான் வாங்கிய இரண்டாவது கிழமை, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே இழுவையில் மடித்துக் காட்டினேன். படக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தின் விலை ஒரு புதுக் கண்ணாடி.

ஈரக் கூரையை மடிக்காதீர்கள். மடிப்புக்குள் ஈரம் நின்றால் இரண்டு நாளில் கறுப்புப் புள்ளி விழும். உச்சி வெயிலிலும் மடிக்க வேண்டாம். சூட்டில் இளகிய பிளாஸ்ரிக் மடிப்பை அப்படியே பிடித்துக்கொள்ளும். நிழலில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மடியுங்கள்.

கூரையைத் திறந்து வைத்தபடி கடைக்குள் போகும்போது பெறுமதியான எதையும் உள்ளே விடாதீர்கள். துணிக் கூரையை மூடிப் பூட்டுவதும் பெரிய காவல் இல்லை. கத்தியோடு வருகிறவன் கூரையை அறுப்பான்.

10. எப்போது, எங்கே

நம் பக்கத்தில் பகல் 9 மணிக்கும் மாலை 4.30க்கும் இடையில் திறந்த காரில் போவது தண்டனை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூசியும் சேரும். விடியற்காலை 5.30 தொடக்கம் 8 மணி வரை, பிறகு மாலை. அவ்வளவுதான் நேரம். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், இருக்கைக்கு ஒரு துவாய் எப்போதும் காரில் இருக்கட்டும். வெயிலில் நின்ற ரெக்சின் இருக்கையில் அரைக்கை சேர்ட்டோடு சாய்ந்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மாதங்களில் பெப்ரவரி கடைசி தொடக்கம் ஏப்ரல் வரை மிக நல்லது. ஜூலை, ஓகஸ்ட்டில் காலை மட்டும். ஒக்ரோபரில் பின்னேர இடிமழை இருப்பதால் கூரையை நம்பிப் போகலாம், வானத்தை நம்ப முடியாது.

பழகுவதற்குப் பாசிக்குடா வழி. செங்கலடி, வாழைச்சேனை என்று ஊர்கள் வந்துகொண்டே இருப்பதால் ஏதும் ஆனால் உதவி கிடைக்கும். கை பழகிய பிறகு தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாக அறுகம்பை. மட்டக்களப்பிலிருந்து 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கல்முனை வரை நெரிசல், ஆகவே ஆறு மணிக்கு முன் அதைத் தாண்டிவிட வேண்டும். திருக்கோவில் தாண்டினால் வீதி உங்களுக்கே. எனக்குப் பிடித்தது வலையிறவுப் பாலம் கடந்து, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை. விடியற்காலையில் போகும்போது சூரியன் முதுகில் இருக்கும். திரும்பும்போது நேரே முகத்தில் அடிக்கும், இந்தக் காரின் சின்ன வெயில் தடுப்பு ஒன்றுக்கும் உதவாது.

பெரும்போக அறுவடைக் காலத்தில் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள். நெல்லுக்காரரின் கோபம் ஒரு பக்கம். காருக்கும் நிலத்துக்கும் இடைவெளி 5 அங்குலத்துக்கு முன்பின்தான், காய்ந்த வைக்கோல் அடியில் மாட்டிச் சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையத் தொடங்கும். வைக்கோல் வழியே வந்தால் நிறுத்தி, குனிந்து, கையால் எடுத்துவிடுங்கள்.

இரவில் மாடுகள். மழைக்காலத்தில் தார் வீதியில்தான் சூடு என்று வந்து படுக்கும். இந்தக் காரில் உங்கள் கண் மற்றக் காரை விடத் தாழ்வில் இருக்கிறது, கறுத்த மாட்டைக் காணும்போது தூரம் போதாது. ஊருக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். இரவில் அதற்கும் குறையுங்கள். யானை இறங்கும் மகா ஓயா வழியையும் லாகுகலையையும் மாலை நேரத்தில் விட்டுவிடுங்கள்.

சந்தியில் நிற்கும்போது எல்லாரும் பேச்சுக் கொடுப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் ஏழு வருடமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: “மனே, கூரைய எங்க விட்டிட்டு வாறாய்?”

11. கழுவுதல்

கடற்கரை போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு ஒரு இரவு நின்றாலே வேலையைத் தொடங்கிவிடும். சேர்விஸ் ஸ்ரேஷனில் கூரைக்குப் பிரஷர் அடிக்க விடாதீர்கள். தையலையும் ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், துணியின் நாரும் கிளம்பும். வாளித் தண்ணீர், மெல்லிய தூரிகை, கொஞ்சம் சோப்பு போதும். முடிந்ததும் கூரை மூடியபடியே காய வேண்டும்.

12. மாரி

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை கார் பெரும்பாலும் நிற்கும். நிற்கும் கார்தான் அதிகம் கெடும், ஆகவே படுக்கவைப்பதற்கும் ஒழுங்கு உண்டு.

தாங்கியை நிரப்புங்கள், பாதி காலியான தாங்கியின் உள் சுவரில் ஈரம் பிடிக்கும். காற்றை 35 அளவுக்கு ஏற்றுங்கள், ஒரே இடத்தில் நிற்கும் ரயர் தட்டையாகாது. இதைத்தான் பெப்ரவரியில் திரும்பக் குறைக்க மறக்கிறோம். ஹான்ட்பிறேக்கை இழுக்காதீர்கள், பாட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். மேலே போடும் உறை துணியாக இருக்கட்டும். பொலித்தீன் போர்த்தினால் அதற்குள்ளேயே வியர்த்து, நீங்கள் வெளியே தடுத்த ஈரத்தை உள்ளே உண்டாக்கும்.

முற்றத்தில் தண்ணீர் ஏறும் இடம் என்றால் முன்கூட்டியே மேட்டில் உள்ள உறவினர் வீட்டில் நிறுத்துங்கள். கணுக்கால் அளவு வெள்ளமே இந்தக் காரின் தரையைத் தொட்டுவிடும். 2024 நவம்பர் கடைசியில் நான் இரவு பத்து மணிக்குத்தான் காரை நகர்த்த நினைத்தேன். அதற்குள் தெருவே வாய்க்காலாகிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து பக்கத்து வீட்டுத் திண்ணைச் சரிவில் தள்ளி ஏற்றினோம்.

இரண்டு கிழமைக்கு ஒரு முறை, மழை விட்ட நாளில், பற்றரியைப் பூட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்ராட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது செய்யாமல் விடுவதை விட மோசம். எஞ்சின் சூடேறாததால் சைலன்சருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் ஈரம் சேரும். பொனற்றைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள். அப்படியே யோகட் கப்பை எடுத்து, இரண்டு வடிகாலிலும் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.